நாங்கள் போகாத செத்தவீடுகள்

ஜனவரி 2ஆம் திகதியைத் திருகோணமலைத் தமிழர் மறப்பதில்லை. 2006இல் அன்றைய மாலை, நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகில் பேசிக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பல்கலைக்கழகம் போகக் காத்திருந்த பிள்ளைகள். குற்றஞ்சாட்டப்பட்ட விசேட அதிரடிப் படையினர் பதின்மூன்று பேரையும் 2019 ஜூலையில் நீதிமன்றம் விடுவித்தது. ஒவ்வொரு வருடமும் அந்தப் பிள்ளைகளுக்கு விளக்கேற்றுகிறோம். நீதி கிடைக்கும்வரை ஏற்ற வேண்டும். கிடைத்த பிறகும் ஏற்ற வேண்டும்.

நான் எழுத வந்தது நாங்கள் ஏற்றாத விளக்குகளைப் பற்றி. நாங்கள் என்று சொல்வது இந்த மாவட்டத்துத் தமிழர்களை. அவர்களுக்குள்ளும் நகரத்தில் இருந்துகொண்டு கூட்டம் கூட்டவும், அறிக்கை எழுதவும், ஹர்த்தாலுக்கு அழைக்கவும் வசதி உள்ளவர்களை. முஸ்லிம்களுக்கும் சிங்களவர்களுக்கும் தங்களைப் பற்றி எழுத வேண்டியவை இருக்கும். அவற்றை அவர்கள் எழுதட்டும். எங்கள் கணக்கை நாங்கள் பார்ப்போம்.

எங்கள் பக்கத்தில் பேச்சுவார்த்தை முறிந்தவர்கள்கூடச் செத்தவீட்டுக்குப் போவார்கள். கலியாணத்துக்கு ஒழுங்காகச் சொல்லவில்லை என்றால் கோபித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடலாம். செத்தவீட்டுக்கு யாரும் வந்து அழைப்பதில்லை. காதில் விழுந்தால் போக வேண்டும். வேலிச் சண்டையில் வருடக்கணக்காக முகம் பாராத அண்ணனும் தம்பியும் அன்றைக்கு ஒரே பாடைக்குத் தோள் கொடுப்பார்கள். நன்மை தின்மைக்கு வராதவர் என்று ஒருவருக்குப் பெயர் விழுந்துவிட்டால், அந்த ஒழுங்கையில் அவருக்கு எத்தனை பரப்புக் காணி இருந்தாலும் ஊர் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாது. வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பவர் எல்லோரும் ஊரில் இருப்பவர்கள். ஊரவர் என்று சொல்ல இன்னும் ஒன்று வேண்டியிருக்கிறது, அது அடுத்த வீட்டு முற்றத்தில் போய் உட்காருவது.

ஒழுங்கைக்குள் இவ்வளவு கண்டிப்பாகக் காத்த வழக்கத்தைச் சமூகத்துக்கும் சமூகத்துக்கும் இடையில் நாங்கள் காக்கவில்லை. திருகோணமலை ஏன் இன்னும் ஓர் ஊராகவில்லை என்ற கேள்விக்கு எங்கள் பங்குப் பதில் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இங்கே தெரிவது துறைமுகம். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது அதற்காக. 1957இல் பிரித்தானியக் கடற்படை விட்டுப் போனதும், 1987 இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு இரண்டு தலைவர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களில் பேசப்பட்டதும், 2022 ஜனவரியில் எண்ணெய்க் குதங்களைப் பிரித்துக் கையெழுத்திட்டதும் அதையும் அதைச் சார்ந்தவற்றையும்தான். துறைமுகம் யாருக்கு என்று தலைநகரங்கள் பேசிக்கொண்டே இருந்தன. அதைச் சுற்றியுள்ள பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளில் மூன்று சமூகங்கள் வாழ்கின்றன. எதுவும் மாவட்டத்தில் பாதி இல்லை. இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று யார் என்று பேச வேண்டியது நாங்கள். பேசவில்லை.

கன்னியாவை எடுப்போம். நகரத்திலிருந்து கொஞ்சத் தூரம், ஏழு வெந்நீர்க் கிணறுகள். சுற்றுலாப் பயணிகளுக்கு அது சுடுதண்ணீர் அள்ளிக் குளிக்கிற இடம். எங்களுக்கு அது துக்கம் கழிக்கிற இடம். தாய்க்குக் கடன் செய்ய இராவணன் உண்டாக்கியது என்று எங்கள் ஐதீகம் சொல்லும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு எத்தனையோ குடும்பங்கள் அங்கே போய் வந்திருக்கின்றன. 2011க்குப் பிறகு அந்த இடம் தொல்பொருள் திணைக்களத்தின் கைக்குள் போனது. பௌத்தத் தொல்லிடம் என்ற அறிவிப்பு வந்தது. எங்கள் சடங்குக்கு இடம் சுருங்கியது. 2019 ஜூலையில் அங்கே வழிபடத் திரண்ட அடியார்களைப் பொலிஸார் மறித்தார்கள். பிறகு வழக்கு, இடைக்காலத் தடை. இறந்தவருக்குச் செய்கிற கடைசிக் காரியத்துக்குப் போகும் வழியில் ஒருவர் நின்று மறித்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்கு நாங்கள் அறிந்துகொண்டோம். அந்த வலி உண்மையானது. இன்றும் ஆறவில்லை.

இப்போது கருமலையூற்று. சீனக்குடாவுக்கு அப்பால், வெள்ளைமணல் பக்கம் கடலோரமாக ஒரு பள்ளிவாசல் இருந்தது. தலைமுறை தலைமுறையாக முஸ்லிம்கள் தொழுத பழைய பள்ளிவாசல். 2009இலிருந்து அது இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்தது. ஊரவர் போய்த் தொழ முடியவில்லை. 2014 ஆகஸ்டில் அது தரைமட்டமாகிவிட்ட செய்தி வந்தது.

அன்றைக்கு நாங்கள் எங்கே இருந்தோம்? கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்ததை எங்கள் பிள்ளைகள் பாடமாகச் சொல்வார்கள். கல்லைப் பெயர்த்து அடுத்த வருடங்களில் கோட்டை கட்டியதையும், கடலுக்கடியில் எஞ்சிய தூண்களை 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுழியோடிக் கண்டதையும் ஒரு வரி பிசகாமல் ஒப்புவிப்பார்கள். வழிபடும் இடம் இடிபடுவது என்றால் என்னவென்று முந்நூற்றுத் தொண்ணூறு வருடமாகத் தெரிந்து வைத்திருந்த சனம் நாங்கள். கண்முன்னே, பஸ்ஸில் ஏறிப் போகக்கூடிய தூரத்தில் ஒரு பள்ளிவாசல் இடிந்தபோது அதை முஸ்லிம்களின் செய்தி என்று வாசித்து மடித்து வைத்தோம். எங்கள் ஆலயங்களின் பரிபாலன சபைகளில் ஒன்றாவது, மாலையோடு இல்லாவிட்டாலும் வெறுங்கையோடாவது போய் அந்தப் பள்ளி நிருவாகத்தின் முன்னால் நின்றிருக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்துக் கன்னியாவில் நாங்கள் மறிக்கப்பட்டபோது, முஸ்லிம் சகோதரர்கள் பெருந்தொகையாக வந்து பக்கத்தில் நிற்கவில்லை என்று எங்களில் சிலர் மனம் நொந்தார்கள். நொந்துகொள்ள எங்களுக்கு உரிமை இருந்ததா என்று யோசிக்க வேண்டும்.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருளுக்கென்று ஜனாதிபதிச் செயலணி அமைக்கப்பட்டது. முதலில் நியமிக்கப்பட்டவர்களில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. அப்போதுதான் இரண்டு வழக்கும் ஒரே வழக்கு என்று பலருக்கு விளங்கியது. அதற்குள் எத்தனை வருடங்களைத் தனித்தனியாக நின்று கழித்திருந்தோம்.

மூதூருக்கு வருகிறேன். எழுதக் கடினமான இடம் இதுதான்.

மூதூரில் பிறந்து அந்த மண்ணையே எழுதியவர் வ. அ. இராசரத்தினம். 'தோணி' படித்த நகரத்துத் தமிழர் பலருக்கு மூதூரைத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டது. கீழே அந்த நீரை நம்பி விதைத்தவர்களில் மூன்று சமூகத்தவரும் உண்டு. சண்டை தொடங்கி, ஆகஸ்ட் முதல் வாரத்தில் புலிகள் மூதூருக்குள் நுழைந்தார்கள். இரண்டு பக்கத்து எறிகணைகளுக்கும் நடுவில் அகப்பட்ட முஸ்லிம் சனம், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. வழியில் புலிகள் மறித்து ஆண்களைப் பிரித்தெடுத்தார்கள். அந்த நடையைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் என்ன சொல்லியிருக்கிறோம்? சம்பூர் மக்களின் இடப்பெயர்வை எழுதியிருக்கிறோம், பாடியிருக்கிறோம். அதே மாதங்களில், அதே கொட்டியாரக்குடாவின் கரையில் நடந்த இன்னொரு இடப்பெயர்வு எங்கள் ஏடுகளில் ஓர் அடிக்குறிப்பாகவும் வரவில்லை.

அதே ஆகஸ்ட் 4ஆம் திகதி, பட்டினிக்கெதிரான அமைப்பின் மூதூர் அலுவலகத்தில் உள்ளூர்ப் பணியாளர்கள் பதினேழு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒருவரும் இன்றுவரை தண்டிக்கப்படவில்லை. அந்தப் பதினேழு பேரில் பதினாறு பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். எங்கள் மேடைகளில் இதைப் பதினேழு தமிழர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சுனாமியில் அழிந்த சனத்துக்குக் கிணறும் தண்ணீரும் செய்து கொடுக்க ஒன்றாகப் போனவர்கள் அவர்கள், ஒன்றாகவே செத்தார்கள். அஞ்சலி உரையில் அந்த ஒருவரை எங்களில் ஒருவராக்கி அவருடைய பெயரையும் பள்ளியையும் கபுறையும் மறைத்துவிட்டோம். அவருடைய வீட்டார் எங்கள் நினைவுக் கூட்டத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்டிருந்தால், தங்கள் பிள்ளையை அங்கே கண்டிருக்க மாட்டார்கள்.

பிரெஞ்சு அறிஞர் எர்னஸ்ட் ரெனான் 1882இல் பாரிஸ் சோர்போனில் ஓர் உரை ஆற்றினார். ஒரு மக்கள் கூட்டத்தை ஒன்றாக்குவது இனமா, மொழியா, சமயமா, நில எல்லையா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, எதுவும் தனித்துப் போதாது என்றார். சேர்ந்து பட்ட துயரம், சேர்ந்து கண்ட மகிழ்ச்சியைவிட மக்களை இறுகப் பிணைக்கும் என்பது அவருடைய கருத்து. திருகோணமலையைப் பார்த்தால் அந்தக் கருத்தில் ஒரு பிரிவு விடுபட்டுப் போயிருக்கிறது என்று தோன்றும். துயரத்தை நாங்கள் எல்லோரும் ஒரே காலத்தில், ஒரே இடத்தில் பட்டோம். 2006 ஏப்ரல் 12இல் மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தபோது அங்கே கறிக்கு வாங்க வந்தவர்கள் எல்லாச் சாதியும் எல்லாச் சமயமும். பிறகு கடைகள் எரிந்தன, அவரவர் தெருவுக்கு ஓடினோம், அவரவர் தெருவில் இருந்து அழுதோம். பட்டது சேர்ந்து, அழுதது தனித்தனி. ஒன்றாக அழாத துயரம் எங்களை ஒன்றாக்கவில்லை.

ஒரு தடவை மட்டும் வேறு மாதிரி நடந்தது. 2004 டிசம்பர் 26. கிண்ணியா ஆஸ்பத்திரியைக் கடல் அடித்துக்கொண்டு போனது. மூதூரிலும் குச்சவெளியிலும் நகரக் கரையிலும் உடல்கள் ஒதுங்கின. அந்த நாட்களில் எந்தப் பாடசாலையில் எந்தச் சனம் என்று யாரும் கேட்கவில்லை. கோயில் மடத்தில் சமைத்தது பள்ளிக்கூடத்தில் இருந்த முஸ்லிம் குடும்பங்களுக்குப் போனது. பள்ளிவாசலில் சமைத்தது எங்களுக்கு வந்தது. உடலைத் தூக்கியவர்கள் முகம் பார்த்துத் தூக்கவில்லை. எவ்வளவு நாள்? ஆறு மாதம்கூட இல்லை. 2005 மே நடுப்பகுதியில், ஒரே இரவில், நகரப் பஸ் நிலையத்தருகே புத்தர் சிலை ஒன்று வந்து உட்கார்ந்தது; ஹர்த்தால்கள், கம்பி வேலி, அச்சம். ஜூனில் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பு ஒப்பந்தம் அரசாங்கத்துக்கும் புலிகளுக்கும் இடையில் கைச்சாத்தானது. அழிவில் மிக அதிகம் இழந்தவர்களில் ஒரு சமூகமான முஸ்லிம்களுக்கு அதில் கையெழுத்திடும் இடம் இருக்கவில்லை. சிலைக்கு நாங்கள் எழுப்பிய குரலில் பாதியையாவது அந்த வெற்றிடத்துக்கு எழுப்பியிருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன் எங்கள் பிணங்களைத் தூக்கியவர்கள் மேசைக்கு வெளியே நின்றார்கள். எங்களுக்குக் கிடைக்கப் போவதை எண்ணிக்கொண்டு நாங்கள் பேசாமல் இருந்தோம். அடுத்த மாதம் உயர் நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தின் முக்கிய பகுதிகளை நிறுத்தியது. யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

பாடசாலைப் பிரச்சினையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சண்முகா இந்து மகளிர் கல்லூரியை 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை தொடங்கியது, இந்துப் பெண்பிள்ளைகள் தங்கள் சமயச் சூழலில் படிக்க வேண்டும் என்பதற்காக. 2018 ஏப்ரலில் அங்கே கற்பித்த முஸ்லிம் ஆசிரியைகளின் அபாயா பிரச்சினையானது. தங்கள் பண்பாடு கரைந்து போகுமோ என்ற பயம் எங்கள் தாய்மாருக்கு இருந்தது. அதைப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலைக்கு வருகிற ஒரு பெண் தன் உடையோடு வர வேண்டும் என்று நினைப்பது, அந்தப் பாடசாலை எந்தத் தேவையில் பிறந்ததோ அதே தேவை. பின்னர் மனித உரிமைகள் ஆணைக்குழு அந்த ஆசிரியைகளுக்குச் சார்பாகவே பரிந்துரைத்தது. தேநீர் வைத்து ஒரு மேசையில் பேசி முடிக்கக்கூடிய காரியத்தை வீதிக்குப் பதாகையோடு கொண்டுவந்தவர்கள் நாங்கள். 2022இலும் அது மறுபடி கொதித்தது. தங்கள் வீட்டுக்கு விருந்துண்ண வந்திருந்த டீச்சர்மாரை ஒரே இரவில் வேற்றாட்களாகப் பார்க்க எங்கள் மாணவிகளுக்கு நாங்கள் கற்றுக்கொடுத்தோம். அதுவும் ஒரு பாடம்தான். அதைக் கற்பித்த பொறுப்பு எங்களுடையது.

முஸ்லிம்களிடம் மட்டும் இப்படி நடந்தோமா என்றால் இல்லை. சொந்தச் சனத்திடமும் நடந்தோம். 2006இல் சம்பூரிலிருந்து விரட்டப்பட்ட மக்கள் கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் கட்டைபறிச்சானிலும் மணற்சேனையிலும் தகரக் கொட்டில்களில் ஏறத்தாழப் பத்து வருடம் இருந்தார்கள். அவர்களுடைய காணி முதலீட்டுச் சபைக்கும் அனல்மின் நிலையத்துக்கும் கடற்படைக்குமாகப் பங்குபோடப்பட்டது. 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டு, 2016இல் கடற்படையின் பகுதியும் கிடைக்கும்வரை அந்தப் பெண்கள் கச்சேரி வாசலிலும் வீதியோரத்திலும் தாங்களாகவே போய் இருந்தார்கள். நகரத்தில் எங்கள் கோயில் தேர்கள் வருடந்தவறாமல் ஓடின. குடாவுக்கு அக்கரையில் கொட்டிலுக்குள் மழை ஒழுகியது. தேர்தல் வந்த வருடங்களில் போனோம்.

வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் தங்களை வேடர் என்று சொல்லும் பழங்குடிச் சனம் தமிழே பேசுகிறது, குமார தெய்வத்துக்குச் சடங்கு செய்கிறது. வெருகல் முருகன் திருவிழாவுக்கு வண்டி கட்டிப் போகிற எங்களுக்கு அவர்கள் வழியில் நிற்கிற ஆட்கள். பாலையூற்றுப் பறங்கியர் வீடுகளில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டு நிலைக்கதவை இழைத்ததும் வாகனத்தைத் திருத்தியதும் அந்தக் கைகள். அவர்களுடைய மொழியைப் பதிவுசெய்யப் போர்த்துக்கல்லிலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். அடுத்த தெருவில் இருந்த நாங்கள் ஓர் ஒலிநாடாவைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

இனிக் கல்லராவ.

1996 பெப்ரவரி 11இல் குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ்க் கிராமத்தவரை இராணுவத்தினர் கொன்றார்கள். 2016இல் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு பேரும் விடுதலையானார்கள். குமாரபுரம் எங்கள் நெஞ்சில் இருக்கிறது. அதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதம் முன்னர், 1995 மே 25இல், புல்மோட்டைப் பக்கம் கல்லராவ என்ற சிங்கள மீனவக் கிராமத்துக்குள் புலிகள் இரவில் புகுந்து 42 பேரைக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். அந்தப் பெயரை எங்கள் இளையவர்களிடம் சொல்லிப் பாருங்கள். எங்கே இருக்கிறது என்று கேட்பார்கள். எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

குமாரபுரத்தையும் கல்லராவவையும் தராசில் வைத்துச் சமன் காட்ட நான் வரவில்லை. அரசின் சீருடையில் செய்த கொலைக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். அந்தக் கோரிக்கையை ஓர் அங்குலமும் தளர்த்தக் கூடாது. ஆனால் கல்லராவவில் ஆயுதம் தூக்கியவர்கள் எங்களுக்காக என்று சொல்லித் தூக்கினார்கள். எங்கள் பெயரைச் சொல்லிச் செய்தது என்றால், அந்த முற்றத்துக்குப் போக மற்றவர்களைவிட எங்களுக்குத்தான் அதிகக் கடமை இருக்கிறது. இயக்கம் இருந்த காலத்தில் போக முடியாது என்பது உண்மை, உயிர் போயிருக்கும். 2009க்குப் பிறகு அந்தக் காரணம் இல்லை. அதன் பிறகும் நாங்கள் போகவில்லை.

2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டிவரை நடந்த பேரணி இந்த மாவட்டத்தினூடாகவும் போனது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை வலிந்து எரித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. நல்லடக்கத்துக்கு அனுமதி கேட்பதும் அந்தப் பேரணியின் கோரிக்கைகளில் ஒன்று. முஸ்லிம் ஊர்களில் சனம் வீதிக்கு வந்து சேர்ந்துகொண்டது. இறந்தவரை எப்படி அனுப்புவது என்ற கேள்வியில் இரண்டு சமூகமும் ஒரே வீதியில் நின்றதை நாங்கள் கண்டோம். அந்த மாத இறுதியில் அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. ஜனாஸாக்கள் இராணுவக் காவலோடு அங்கே போயின. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் போயிருக்கும். பேரணியில் தோளோடு தோள் நின்ற நாங்கள், அந்த வீடுகளுக்கு ஒரு தடவை போய் வந்திருக்கலாம். பேரணி முடிந்ததும் பதாகைகளைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பினோம்.

இதையெல்லாம் சொன்னால் உடனே வருகிற கேள்வி எனக்குத் தெரியும். நாங்கள் போனால் அவர்கள் வருவார்களா? 2006 ஜனவரிப் பிள்ளைகளின் விளக்குக்குக் கிண்ணியாவிலிருந்தும் கந்தளாயிலிருந்தும் எத்தனை பேர் வந்தார்கள்? நியாயமான கேள்வி. செத்தவீட்டுப் போக்குவரத்தில் எங்கள் சனம் கணக்குப் பார்க்கும்; அவர் வந்தார், நாங்கள் போக வேண்டும் என்று நினைவில் குறித்து வைக்கும். அந்தக் கணக்கு தொடங்குவதற்கு யாரோ ஒருவர் ஒரு நாள் கணக்கில்லாமல் முதலில் படி ஏறியிருக்க வேண்டும். இந்த மாவட்டத்தில் அந்த முதல் ஆள் நாங்களாக இருக்க மறுத்தோம். நாங்களும் அடிபட்டவர்கள், எங்களுக்கு யார் வந்தார்கள் என்று சொல்லிச் சொல்லியே மறுத்தோம்.

இன்னொரு பயம், நினைவை இப்படிப் பரப்பினால் எங்கள் வழக்கு நலிந்துவிடும் என்பது. நான் அப்படி நினைக்கவில்லை. பதினேழில் அந்த ஒருவரின் பெயரையும் சேர்த்து வாசிக்கிற மேடையை எந்த ஆணைக்குழுவாலும் ஓர் இனத்தின் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது.

வருகிற ஆகஸ்ட் 4இல் மூதூரில் நடக்கும் நினைவில் பதினேழு பெயரும் வாசிக்கப்பட வேண்டும். அந்த ஒருவருக்காக மௌலவி ஒருவரை அழைத்து துஆ ஓதச் சொல்ல வேண்டும். கருமலையூற்றுக்கு எங்கள் கோயில் சபைகள் இப்போதாவது போகலாம்; பிந்திப் போகிற வழக்கமும் எங்களிடம் உண்டு, செத்தவீட்டைத் தவறவிட்டவர் எட்டுச் செலவுக்குப் போவதில்லையா. கல்லராவ கடினம். எங்களில் சிங்களம் தெரிந்த இரண்டு மூன்று பேர் மே மாதத்துக்கு முன்பே புல்மோட்டை வீதியால் போய், அங்கேயுள்ள விகாரையின் பிக்குவையும் மீனவர் சங்கத்தாரையும் கண்டு, 25ஆம் திகதி நாங்கள் வரலாமா என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லக்கூடும். சொன்னால் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும், அடுத்த வருடம் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.